பெங்களூரா, பாண்டிச்சேரியா? படித்து முடித்தால் எந்த ஊர்?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு. ஊர்: படவேடு)



ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? பாண்டிச்சேரியிலிருந்து பெங்களூர் போகும் பஸ் உள்ளே வரும். வரும்போதே கூட்டமாக இருக்கும். எல்லாம் நம்மைவிட நாலைந்து வயது மூத்தவர்கள். மடியில் ஒரு பை, பையில் அம்மா கட்டிக் கொடுத்த சோறு. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போகிறார்கள். அதே நேரத்தில் வெளியே சாலையில் கர்நாடகப் பதிவெண் போட்ட கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பாண்டிக் கடற்கரையில் இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் அவர்கள்.

இருவரும் ஒரே சாலையில், ஒரே திசையில்தான் போகிறார்கள். காரில் போகிறவருக்குப் பாண்டி ஓய்வெடுக்கும் ஊர். பஸ்ஸில் போகிறவருக்குப் பாண்டி சொந்த ஊர், ஆனால் சோறு பெங்களூரில். இதைப் பார்த்த அன்றுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. 'பரபரப்பான ஊர்', 'அமைதியான ஊர்' என்று நாம் பேசுகிறோமே, அது ஊரின் குணமா, அல்லது அந்த ஊருக்கு எதற்காகப் போகிறோம் என்பதைப் பொறுத்ததா?

சந்தேகம் வெறும் சந்தேகமாக இருக்கவில்லை. இந்த ஆண்டு எனக்கு இரண்டு இடத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று பெங்களூரில், மற்றொன்று பாண்டிச்சேரியில். நம் வகுப்பில் பலருக்கும் இதே மாதிரி இரண்டு ஊர் எதிரே நிற்கிறது. சிலருக்கு அது கோவையும் தூத்துக்குடியும், சிலருக்கு ஓசூரும் கடலூரும். ஆகவே நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் பயன்படலாம்.

ஒரே சாலை, ஒரே ஆறு

கிருஷ்ணகிரியையும் பாண்டிச்சேரியையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போகிறது. திருவண்ணாமலையில் நின்று கிழக்கே போனால் சுமார் 105 கிலோமீட்டரில் கடல். மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் போனால் கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி பெங்களூர்.

சாலை மட்டுமல்ல, ஆறும் ஒன்றுதான். தென்பெண்ணை பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணை எல்லாவற்றையும் கடந்து கடலூர் பக்கம் கடலில் கலக்கிறது. பெங்களூரின் கழிவுநீர் கெலவரப்பள்ளியில் வெள்ளை நுரையாகப் பொங்குவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த நகரம் கழுவிக் கொட்டுவது கடலோரத்தை நோக்கித்தான் வருகிறது. ஆக, இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். நடுவில் இருப்பது நாம்.

பெங்களூருக்குப் பரபரப்பு எப்படி வந்தது?

1537-ல் கெம்பே கவுடா கோட்டை கட்டியபோதே அது தொழில் ஊர்தான். அங்கே பேட்டைகளின் பெயரைப் பாருங்கள்: அரிசிக்கு அக்கிபேட்டை, பருத்திக்கு காட்டன்பேட்டை. 1905-ல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்து மின்சாரத்தில் அந்த ஊருக்குத் தெருவிளக்கு வந்துவிட்டது. பிறகு வரிசையாக வந்தன தொழிற்சாலைகள். 1940-ல் இந்துஸ்தான் ஏர்கிராப்ட், 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ். நம் பணிமனையில் எச்.எம்.டி. என்று பெயர் பொறித்த லேத்தைப் பார்க்கிறோமே, அந்தக் கம்பெனி பிறந்த ஊர் அது.

இதற்கு நம் பாடத்திலிருந்தே ஒரு காரணம் சொல்லலாம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று படித்திருக்கிறோம். அந்தக் கணக்குப்படி சமவெளியைவிட அங்கே ஆறு டிகிரி குறைவு. காற்றில் உப்பு கிடையாது. வெயிலில் விரியாமல், ஈரத்தில் துருப்பிடிக்காமல் ஒரு பாகத்தை நுணுக்கமாகக் கடைய நல்ல இடம்.

ஆனால் உயரத்துக்கு விலை உண்டு. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதாரண டீசல் எஞ்சினின் சக்தியும் கொஞ்சம் குறையும். பெரிய விலை குடிநீருக்கு. காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, சுமார் 500 மீட்டர் மேலே ஏற்றப்படுகிறது. ஆயிரம் லிட்டரை 500 மீட்டர் தூக்க எவ்வளவு மின்சாரம்? 1000 × 9.81 × 500 என்று போட்டு 36 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். 1.36 யூனிட் வரும். பம்பின் நஷ்டத்தையும் சேர்த்தால் இரண்டு யூனிட்டை நெருங்கும். அங்கே குழாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மலை ஏறி வந்த தண்ணீரைத்தான் குடிக்கிறோம். அப்படியும் 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நகரம் தவித்தது. அதற்கு முன்பு 2022 செப்டம்பரில் வெள்ளம் வந்து, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களை டிராக்டரில் ஏற்றிப் போனார்கள்.

பாண்டிச்சேரி அமைதியான ஊரா?

நேர்கோடு போட்டது மாதிரி தெருக்கள், கடற்கரைச் சாலை, பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர், பாரதிதாசன் பிறந்த ஊர். சாயந்திரம் கடற்காற்று வாங்கினால் யாருக்கும் மனசு லேசாகும். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 2.4 லட்சம். பெங்களூர் மாநகராட்சியில் அதே ஆண்டு 84 லட்சம் பேர்.

ஆனால் அந்த அமைதிக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாண்டி ஒரு காலத்தில் பஞ்சாலை ஊர். 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது. நாளை நாம் எந்த ஊரில் ஷிப்டு பார்த்தாலும், எட்டு மணிக்குச் சங்கு ஊதும்போது அந்தப் பன்னிரண்டு பேரை ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும். அந்த ஊரின் பழைய பெரிய ஆலையான ஏ.எஃப்.டி. 2020-ல் மூடப்பட்டது. ஓய்வு எடுக்க வருகிறவர் கண்ணுக்கு அது தெரியாது.

கடலுக்கும் கணக்கு உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின்மேல் உள்ள ஈரத்தில் கரைந்தால், அந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடிப்பது மின்வேதியியல் வினைதானே! வேகம் கூடிவிடும். உப்பிலுள்ள குளோரைடு, எஃகின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தையும் துளைத்துவிடும். அதனால்தான் கடலோரத்தில் 304 எஃகு போதாது, மாலிப்டினம் சேர்த்த 316 வேண்டும் என்பார்கள். நிலத்தடி நீரும் அப்படித்தான். கடலோர மண்ணில் நல்ல நீர் உப்பு நீரின்மேல் மிதக்கிறது. நல்ல நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியில் உப்பு நீர் சுமார் 40 மீட்டர் மேலே வரும் என்பது பாடக் கணக்கு.

கடற்கரையே ஒரு பாடம். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்டினார்கள். அலை தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும் மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே இருந்த ஊர்க் கடற்கரை மணலில்லாமல் கரைந்து, கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்துக் கொஞ்சம் மணலை மீட்டார்கள்.

புயலைச் சொல்லாமல் விட முடியாது. 2011 டிசம்பர் 30-ல் தானே. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். ஃபெஞ்சலில் ஒரே நாளில் பாண்டியில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. அதே மழை உள்ளே வந்து, டிசம்பர் 1-ல் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு உயிர் போயிற்று. சாத்தனூர் அணையில் 1,68,000 கன அடி திறந்துவிட்டு, கடலூர் விழுப்புரம் பக்கம் ஊர்கள் மூழ்கின. முன்னே சொன்னேனே, ஒரே கயிறு என்று!

நான் போய்ப் பார்த்தது

கேட்டதை மட்டும் எழுதக்கூடாது என்று இரண்டு ஊருக்கும் போனேன்.

பெங்களூரில் பீனியா தொழிற்பேட்டையில் எங்கள் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நாலு பேருக்கு ஒரு ரூம். தண்ணீர் லாரி வந்தால் பக்கெட்டோடு ஓட்டம். அவருக்கு வேலைக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. "சூரியனை ஞாயித்துக்கெழமதான் பாக்கறேன்டா" என்றார். ஆனால் ஒரு சந்தில் நான் பார்த்தது மறக்காது. ஒரு பட்டறையில் கடைந்த பல்சக்கரத்தை டிவிஎஸ் வண்டியில் வைத்து அடுத்த பட்டறைக்குக் கொண்டு போனார்கள். அங்கே பல் வெட்டினார்கள். மூன்றாவது இடத்தில் சூடேற்றிக் கடினமாக்கினார்கள். நாலாவது இடத்தில் கிரைண்டிங். நம் மூன்று வருஷப் பாடமும் அரை கிலோமீட்டரில் நடக்கிறது! அண்ணன் இரண்டு வருஷத்தில் மூன்று பட்டறை மாறியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு புது மெஷின் கற்றிருக்கிறார்.

பாண்டியில் என் தாய்மாமா சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் பராமரிப்பு வேலை செய்கிறார். எட்டு மணி நேர வேலை, சைக்கிளில் பதினைந்து நிமிஷத்தில் வீடு. பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். பார்க்கவே ஆசையாக இருந்தது. ஆனால் பதினோரு வருஷமாக அதே மெஷின். ராத்திரி மாடியில் படுத்திருந்தபோது சொன்னார்: "நல்ல ஊருதான் மாப்ள. ஆனா இந்த கேட்ட மூடிட்டா அடுத்த கேட்டு எங்கன்னு எனக்குத் தெரியல."

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது.

கணக்குப் போடுவோம்

எனக்குச் சொல்லப்பட்ட சம்பளம் பெங்களூரில் மாதம் 17,000 ரூபாய், பாண்டியில் 13,500 ரூபாய். கேட்டவுடன் பெங்களூர்தான் என்று தோன்றும். ஆனால் பெங்களூரில் ரூம் பங்கும் தண்ணீரும் 3,500. சாப்பாடு 5,000. போக்குவரத்து 1,500. மாதம் இரண்டு முறை ஊருக்கு வர 1,500. மிச்சம் 5,500. பாண்டியில் மாமா வீட்டு மாடிக்கு 2,000, சாப்பாட்டுக்கு 4,000, சைக்கிளும் சில்லறையும் 500, ஊருக்கு வர 500. மிச்சம் 6,500. சம்பளத்தில் 3,500 ரூபாய் அதிகம், கையில் 1,000 ரூபாய் குறைவு! இதில் பெங்களூரில் வீடு பிடிக்க மாத வாடகையைப்போல் பத்து மடங்கு அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் வேறு. ஆகவே சம்பளக் கடிதத்தில் உள்ள எண்ணைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மிச்சத்தைப் பாருங்கள்.

அப்ரண்டிஸ் ஆகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-ல் திருத்திய விதிப்படி டிப்ளமா முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தத் தொகையில் பெங்களூரில் ரூமும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும் என்று மேலே உள்ள கணக்கை வைத்து நீங்களே பாருங்கள். ஹாஸ்டல் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

வீட்டில் நடந்த பேச்சு

அம்மாவுக்குப் பாண்டிதான். "கர்நாடகாவுல கலாட்டா வந்தா நீ எங்கடா ஓடுவ? பாண்டின்னா ராத்திரி கெளம்பனா விடியறதுக்குள்ள வந்துடலாம்" என்றது. அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. 1991-லும் 2016-லும் காவிரிப் பிரச்சினையில் அங்கே தமிழர்கள் பட்டதை எங்கள் ஊரில் மறக்கவில்லை. அதே சமயம், தலைமுறை தலைமுறையாக லட்சக்கணக்கான தமிழர்கள் அங்கே கன்னடம் பேசி, அக்கம்பக்கத்தாரோடு ஒன்றாக வாழ்வதும் உண்மை. நான் அம்மாவிடம் சொன்னேன்: "போற ஊரு பாஷைய மொதல்ல கத்துக்கறேம்மா."

அப்பா படவேட்டில் வாழைத்தோப்பில் தார் வெட்டி லாரிக்குச் சுமக்கிறவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்க தொழில் கத்துக்குவியோ அங்க போ. எனக்குத் தார் தூக்கறத யாரும் கத்துத் தரல. அதான் இன்னும் தூக்கினுகீறேன்."

என் முடிவும், உங்களுக்கு நாலு கேள்வியும்

நான் பெங்களூர் போகிறேன். மூன்று வருஷத்துக்கு. காரணம் ஆடம்பரம் இல்லை, சம்பளமும் இல்லை. ஒரு கதவு மூடினால் அடுத்த கதவைத் தட்ட அங்கே வழியிருக்கிறது. எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிலை மூட 2016-ல் முடிவெடுத்தார்கள். பெரிய ஊரிலும் கேட் மூடத்தான் செய்கிறது. ஆனால் தெருவுக்குத் தெரு பட்டறை உள்ள ஊரில், தொழில் தெரிந்த கைக்கு அடுத்த தெருவில் இடம் கிடைக்கும். நிலமோ கடையோ சேர்த்து வைத்த பணமோ இல்லாத நம் போன்றவர்களுக்கு அந்த அடுத்த தெருதான் சொத்து.

ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. என் பெஞ்சில் உட்காரும் நண்பனின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அவன் பக்கத்து ஊர் வேலையை ஏற்றுக்கொண்டான். அவன் முடிவும் சரிதான். அவனவன் கணக்கை அவனவன் போட வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் நாலு:

ஒன்று: அந்த வேலையில் முதல் வருஷ முடிவில் புதிதாக என்ன கற்றிருப்பேன்?

இரண்டு: எல்லாச் செலவும் போக மாதம் எவ்வளவு மிச்சம்?

மூன்று: அந்த கேட் மூடினால் நடந்து போகும் தூரத்தில் வேறு கேட் இருக்கிறதா?

நாலு: வீட்டிலிருந்து ராத்திரி போன் வந்தால் எத்தனை மணி நேரத்தில் வாசலில் நிற்பேன்?

இந்த நாலுக்கும் விடை எழுதிப் பாருங்கள். 'ஜாலியான ஊர்', 'போர் அடிக்கிற ஊர்' என்ற பேச்செல்லாம் தானாக அடங்கிவிடும்.

கடைசியாக எங்கள் ஊரைப் பற்றி. இன்று படவேடு என்றால் ரேணுகாம்பாள் கோயிலும் வாழைத்தோப்பும்தான் ஞாபகம் வரும். ஆடி வெள்ளிக்கு மட்டும் கூட்டம். ஆனால் அது சம்புவராயர்களின் தலைநகரம். 'படைவீடு' என்ற பெயரே அதற்குச் சாட்சி. விஜயநகரத்துக் குமார கம்பணர் 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயரை வென்றதை, அவர் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்ற வடமொழிக் காவியத்தில் பாடியிருக்கிறார். 1989-ல் நம் மாவட்டம் பிறந்தபோது அதற்குச் சூட்டிய பெயரிலும் சம்புவராயர் இருந்தார். அன்று குதிரையும் படையும் நடமாடிய இடத்தில் இன்று என் அப்பா தார் சுமக்கிறார். எந்த ஊரும் என்றைக்கும் பரபரப்பாகவே இருந்துவிடாது, எந்த ஊரும் என்றைக்கும் அடங்கியே கிடக்காது. நம் மாவட்டத்திலேயே செய்யாறில் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டதே!

மூன்று வருஷம் கழித்து, கற்ற தொழிலோடு நான் பாண்டிக்கும் போகலாம், செய்யாறுக்கும் வரலாம். அப்போது ஊர் என்னைத் தேர்ந்தெடுக்காது, நான் ஊரைத் தேர்ந்தெடுப்பேன். அதற்கு இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் எனக்கும் ஒரு இடம் வேண்டும். திருவண்ணாமலையில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது என்கிறார்கள். பரவாயில்லை, நின்றுகொண்டே போகிறேன்.